தம்பியோடு விளையாட ஒரு முகவரி

பொங்கலுக்கு சிங்கப்பூரிலிருந்து வந்த என் தம்பி, திரும்பிப் போகும்போது ஒரு பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) வீடியோ கேம் கன்சோலை மதுரையில் எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். அங்கே அவனிடம் இன்னொன்று இருக்கிறது. சனிக்கிழமை தோறும் இரவு ஏழரைக்கு, அதாவது அவனுக்குப் பத்து மணிக்கு, இரண்டு பேரும் கால்பந்து ஆடுவது என்று பேச்சு. சின்ன வயதில் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து கன்ட்ரோலருக்கு அடித்துக்கொண்டவர்கள் நாங்கள். அவன் வேலைக்குப் போன பிறகு எங்கள் பேச்சு "சாப்பிட்டியா, அம்மாவுக்கு மாத்திரை வாங்கிட்டியா" என்பதற்குள் சுருங்கிப் போயிருந்தது. அதை மாற்றத்தான் இந்த ஏற்பாடு. ஆன்லைனில் ஆடத் தேவையான ஒரு வருடச் சந்தாவையும் அவனே கட்டிவிட்டான். பிப்ரவரி முதல் சனிக்கிழமை நடந்திருக்க வேண்டிய முதல் ஆட்டம் மார்ச் கடைசியில்தான் நடந்தது. ஏழு சனிக்கிழமைகள் வீணாயின. பத்தாயிரத்துக்கு மேல் பணம் தேவையில்லாத இடத்தில் போனது. ஆரம்பத்திலேயே ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "முதலில் மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து அந்த ஓர் எண்ணைப் பார்" என்று சொல்லியிருந்தால் எல்லாமே ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். அப்படி யாரும் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் நாள் என்ன நடந்தது என்று சொல்கிறேன். கன்சோலை வைஃபையில் இணைத்தேன். 40 ஜிபி விளையாட்டு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுத்து இறங்கிவிட்டது. யாரோ முகம் தெரியாதவர்களோடு இரண்டு ஆட்டங்கள் ஆடியும் பார்த்துவிட்டேன். எல்லாம் சரி என்று நினைத்துத்தான் தம்பியை அழைத்தேன். அவன் அனுப்பிய அழைப்பு என் திரையில் வந்தது. ஏற்றுக்கொண்டதும் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு இணைப்பு கிடைக்கவில்லை என்றது. பேசுவதற்கான பார்ட்டி என்ற குழுவில் என் பெயர் அவனுக்குத் தெரிகிறது, குரல் மட்டும் போகவில்லை. வாட்ஸாப்பில் கூப்பிட்டு, "அக்கா, நீ பேசுறியா? ஒண்ணுமே கேக்கல" என்றான். நான் அரைமணி நேரமாகப் பேசிக்கொண்டுதான் இருந்தேன். அன்று பதினொரு மணி வரை போராடினோம். அவனுக்கு அது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. மறுநாள் ஞாயிறு என்றாலும் அவனுக்கு ஷிஃப்ட் இருந்தது. அவன் சொல்லாமல் தூங்கப் போனபோது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

கன்சோலில் அமைப்புகளுக்குள் போய், நெட்வொர்க், அதற்குள் கனெக்‌ஷன் ஸ்டேட்டஸ் என்று போனால் இணைப்பைச் சோதிக்கும் இடம் இருக்கிறது. அங்கே பதிவிறக்க வேகம், பதிவேற்ற வேகம், அதன் கீழே நேட் டைப் என்று ஒரு வரி. எனக்கு 3 என்று காட்டியது. அது என்னவென்று தெரியாததால், தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். வேகம். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) திட்டம் போதவில்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டி, இணைய நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். எதிர்முனையில் இருந்தவரும் 200-க்கு மாறினால் சரியாகிவிடும் மேடம் என்றார். மாதம் 300 ரூபாய் கூடுதல், ஜிஎஸ்டியோடு 354, ஆறு மாதத்துக்கு முன்பணம். 2,124 ரூபாய் கட்டினேன். அடுத்த சனிக்கிழமை வேகம் 190-ஐத் தொட்டது. நேட் டைப் 3 அப்படியே நின்றது. தம்பிக்கு என் குரல் அன்றும் கேட்கவில்லை.

இப்போது தெரிகிறது: ஆட்டம் நடக்கும்போது கன்சோல் அனுப்பிப் பெறும் தரவு மிகக் குறைவு. 10 எம்பிபிஎஸ் ஒழுங்காக, தடங்கல் இல்லாமல் வந்தாலே அதற்குத் தாராளம். வேகம் தேவைப்படுவது விளையாட்டையும் அதன் அப்டேட்டையும் இறக்கும்போதுதான். ஆகவே நண்பரோடு சேர முடியவில்லை, குரல் போகவில்லை என்றால் திட்டத்தை உயர்த்தச் சொல்லும் எவர் பேச்சையும் கேட்டுப் பணம் கட்ட வேண்டாம். அது வேறு நோய், இது வேறு மருந்து.

மூன்றாவது வாரம் வைஃபை மேல் சந்தேகம் வந்தது. எங்கள் வீடு பழைய வீடு, சுவர்கள் ஒன்றரை அடி கனம். மோடம் கீழே ஹாலில், கன்சோல் மாடியறையில். தெரிந்த எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு 25 மீட்டர் கேட் 6 லேன் கேபிள் இழுத்தோம். கேபிளும் கூலியுமாக 1,750 ரூபாய். இது வீண்செலவு இல்லை, ஆட்டம் விக்கிவிக்கி நிற்பது இதனால் உண்மையிலேயே குறைந்தது. ஆனால் ஒரு விஷயம். கேபிள் போட்ட பிறகு வேகச் சோதனை 94-ஐத் தாண்டவே இல்லை, வைஃபையில் 190 வந்த இடத்தில். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். ஆயிரம் எம்பிபிஎஸ் வேகத்துக்கு எட்டும் வேண்டும், நூறுக்கு நான்கு போதும். முனையில் பிளக்கைக் கிரிம்ப் செய்யும்போது ஒரு கம்பி சரியாக உட்காராமல் போனால் இணைப்பு சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். 94, 95 என்று ஒரே இடத்தில் வேகம் முட்டி நின்றால் முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். எங்கள் அண்ணன் பத்து நிமிடத்தில் சரி செய்தார். முடிந்தால் இரண்டு முனையிலும் கம்பெனியிலேயே பிளக் போட்டு வரும் கேபிளை வாங்குவது நல்லது. சுவரில் பெரிய துளை போட வேண்டியிருக்கும் என்பதுதான் அதில் உள்ள தொல்லை.

நேட் டைப் அப்போதும் 3.

அப்புறம் நான் செய்த காரியம்தான் மனதை இன்னும் உறுத்துகிறது. விளையாட்டுக்கென்றே செய்யப்பட்டது என்று சொல்லி விற்கும் ஒரு ரவுட்டரை 8,499 ரூபாய்க்கு வாங்கினேன். நாலு ஆன்டெனா, பெட்டியில் பிங், அதாவது செய்தி போய்த் திரும்பும் நேரம், குறையும் என்ற வாக்குறுதி. என் கணவர், "முதல்ல என்ன பிரச்சனைன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்கலாமே" என்றார். நான் கேட்கவில்லை. அதை மோடத்துக்குப் பின்னால் செருகி, கன்சோலை அதில் இணைத்தேன். முன்னால் எப்போதாவது பாதி வரை போன அழைப்பு இப்போது தொடக்கத்திலேயே விழுந்தது. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. அன்று இரவு மாடியில் தனியாக உட்கார்ந்து அழுதேன் என்பதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பணம் மட்டும் காரணமில்லை. தம்பி, "பரவால்ல விடுக்கா, வேணாம்" என்று சொல்லியிருந்தான்.

அந்த வாரம் தினமும் இரவு சமையலறை வேலை முடிந்ததும் லேப்டாப்போடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். மதுரைக்காரர்களுக்குக் காம்பவுண்டு வீடு தெரியும். வாசலில் ஒரே கதவு எண், உள்ளே பத்துக் குடித்தனம். இணையத்தில் நம் வீடும் அப்படித்தான். வெளியுலகுக்கு வீட்டுக்கு ஒரே ஐபி முகவரி, உள்ளே போன், டிவி, கன்சோல் என்று பல குடித்தனம். வாசலில் நின்று கடிதம் பிரித்துக் கொடுக்கும் வேலையை ரவுட்டர் செய்கிறது. அதற்குப் பெயர்தான் நேட். உள்ளேயிருந்து யார் வெளியே கடிதம் போட்டார்கள் என்று குறித்து வைத்துக்கொள்ளும். பதில் வந்தால் சரியான குடித்தனத்தில் சேர்க்கும். யாரும் எழுதாமல் வெளியாள் ஒருவர் தானாக வந்து கதவைத் தட்டினால், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று தெரியாததால் திருப்பி அனுப்பிவிடும். இணையத்தளம் பார்ப்பது, விளையாட்டை இறக்குவது, கம்பெனியின் சர்வரில் நடக்கும் ஆட்டம் எல்லாம் நாம் முதலில் எழுதிய கடிதத்துக்கு வரும் பதில். அதனால் அவை ஓடும். இரண்டு கன்சோல்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் ஆட்டத்திலும் குரல் அரட்டையிலும் தம்பியின் கன்சோல் என் வாசலுக்கு வந்த வெளியாள். முகம் தெரியாதவர்களோடு ஆட முடிந்து தம்பியோடு முடியாமல் போனதன் காரணம் இதுதான்.

பிஎஸ்5-இல் நேட் டைப் 1 என்றால் நடுவில் ரவுட்டரே இல்லாத இணைப்பு, 2 என்றால் ரவுட்டர் இருக்கிறது ஆனால் கதவு திறக்கிறது, 3 என்றால் கதவு மூடியிருக்கிறது. நாம் பிடிக்க வேண்டியது 2. 1 வேண்டும் என்று யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. எக்ஸ்பாக்ஸில் இதையே ஓபன், மாடரேட், ஸ்ட்ரிக்ட் என்று சொல்லும். நின்டென்டோ ஸ்விட்ச்சில் ஏ, பி, சி, டி என்று எழுத்துகள், ஏ அல்லது பி வந்தால் கவலையில்லை.

இதைப் படித்ததும் எல்லோரும் சொல்வதைப் போல் போர்ட் ஃபார்வர்டிங் செய்தேன். அதாவது இந்த எண்ணைச் சொல்லி யார் வந்தாலும் கன்சோல் குடித்தனத்துக்கு அனுப்பு என்று வாசலில் எழுதி வைப்பது. டிசிபி, யுடிபி என்று தரவு அனுப்பும் முறை இரண்டு. பிளேஸ்டேஷனுக்கு டிசிபியில் 3478, 3479, 3480, யுடிபியில் 3478, 3479. பட்டியலில் 80, 443 என்ற எண்களும் வரும். அவை உள்ளேயிருந்து வெளியே போகும் வழி, அவற்றை வெளியிலிருந்து திறந்து வைக்கத் தேவையில்லை. எக்ஸ்பாக்ஸ்காரர்களுக்கு முக்கியமான எண் 3074. இதில் முதலில் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் உள்முகவரியை மாற்றிமாற்றிக் கொடுக்கும். இன்று கன்சோலுக்கு 192.168.1.7 என்றால் நாளை அது போனுக்குப் போகலாம். ஆகவே டிஹெச்சிபி ரிசர்வேஷன் என்ற இடத்தில் கன்சோலின் மேக் முகவரியை, அதாவது அந்தக் கருவிக்கென்றே உள்ள அடையாள எண்ணை, கொடுத்து ஓர் உள்முகவரியை அதற்கே நிரந்தரமாக்க வேண்டும். இதை நான் முதலில் செய்யவில்லை, அதன் விளைவு பின்னால் வருகிறது. போர்ட்டைத் திறந்தும் எதுவும் மாறவில்லை. ஆத்திரத்தில் மோடத்தில் டிஎம்இசட் என்ற இடத்தில் 192.168.1.7 என்று போட்டுவிட்டேன். வெளியிலிருந்து எது வந்தாலும் அந்தக் கருவிக்கே அனுப்பு என்று அதற்குப் பொருள். அப்போதும் 3.

உண்மையான காரணம் ஆறாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு கிடைத்தது. மோடத்தின் பக்கத்தைத் திறந்தேன். பெரும்பாலும் உலாவியில் 192.168.1.1 என்று அடித்தால் வரும், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும். அதில் ஸ்டேட்டஸ், வான் (WAN) என்று போனால் நிறுவனம் நம் மோடத்துக்குக் கொடுத்த வெளிமுகவரி தெரியும். என்னுடையது 100.72 என்று தொடங்கியது. பிறகு அதே வைஃபையில் இருக்கும் போனில் என் ஐபி என்ன என்று காட்டும் தளத்தைத் திறந்தேன். அங்கே 100 என்றே இல்லை, முற்றிலும் வேறோர் எண். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்த முகவரி உங்களுடையது. வேறாக இருந்தால், உங்கள் மோடத்துக்கு வெளியே உங்களுக்குத் தெரியாத இன்னொரு வாசல் இருக்கிறது. குறிப்பாக 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண் வந்தால் வேறு சோதனையே வேண்டாம். அந்த வரிசை இணைய நிறுவனங்கள் வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் கூட்டமாக வைப்பதற்காகவே 2012-இல் ஒதுக்கப்பட்டது. 10 என்று தொடங்கினாலும், 172.16 முதல் 172.31 வரை இருந்தாலும், 192.168 என்று இருந்தாலும் இதே கதைதான். சோதிக்கும்போது போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் சிம் கம்பெனியின் முகவரியைப் பார்த்துக் குழம்புவீர்கள். இன்னொன்று, சில தளங்கள் எழுத்தும் முக்காற்புள்ளியும் கலந்த நீளமான ஐபிவி6 முகவரியைக் காட்டும். ஒப்பிட வேண்டியது நான்கு எண்கள் கொண்ட ஐபிவி4 முகவரியை. நான் ஒரு நாள் முழுவதும் அந்த நீளமான எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் இருந்தேன்.

இதன் பெயர் சிஜிநேட். நிறுவனங்கள் ஏன் இப்படிச் செய்கின்றன என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஐபிவி4 முறையில் உலகம் முழுமைக்கும் சேர்த்து ஏறத்தாழ 429 கோடி முகவரிகள்தான் உண்டு. உலக அளவில் பங்கிட்டுக் கொடுக்கும் அமைப்பின் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அதே வருடம் ஏப்ரலில் நம் ஆசியப் பகுதிக்கான கையிருப்பும் கடைசிக் கட்டத்துக்கு வந்து அளந்து கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆகவே நம் தெருவே ஒரு காம்பவுண்டு, அதற்குள் என் வீடு ஒரு சிறு காம்பவுண்டு. நான் என் வாசலில் எத்தனை பலகை எழுதி வைத்தாலும் தெருவாசலில் இருப்பவருக்கு அது தெரியாது. ஆறு வாரம் நான் செய்ததெல்லாம் உள்வாசலில் பலகை மாற்றியதுதான். 8,499 ரூபாய் ரவுட்டரைச் செருகியதும் நிலைமை மோசமானதற்கும் காரணம் புரிந்தது. அது மோடத்துக்குள் மூன்றாவதாக ஒரு வாசல். புது ரவுட்டரின் வெளிமுகவரி 192.168.1.5 என்று காட்டியபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிஜிநேட்டுக்குப் பின்னால் இருக்கும் எல்லோருக்கும் 3 வராது. நிறுவனத்தின் கருவி எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துச் சிலருக்கு 2 வந்து எல்லாம் ஒழுங்காக ஓடும். உங்களுக்கு ஓடுகிறது என்றால் எதையும் தொடாதீர்கள். ஓடாதவர்களுக்கு மட்டுமே இந்தப் பாடு.

இனி நிறுவனத்திடம் கேட்பது. நான் மொத்தம் நான்கு முறை உதவி எண்ணுக்குப் பேசியிருக்கிறேன். முதல் முறை வேகத்தைக் கூட்டச் சொன்னார்கள். அடுத்த இரண்டு முறையும் கேம் வரவில்லை என்றேன், அவர்கள் வேகத்தைச் சோதித்துவிட்டு, "ஸ்பீடு கரெக்டா வருது மேடம்" என்று முடித்துவிட்டார்கள். நான்காவது முறை, "என் இணைப்பு சிஜிநேட்டில் இருக்கிறது, எனக்குப் பப்ளிக் ஐபி, அதாவது என் வீட்டுக்கே உரிய வெளிமுகவரி வேண்டும், ஸ்டேட்டிக்காக இருந்தாலும் சரி, மாறிக்கொண்டே இருப்பதாக இருந்தாலும் சரி" என்று கேட்டேன். அந்தச் சொற்களைச் சொன்னதும் பேச்சே மாறியது. அதையும்விட, எங்கள் ஏரியாவுக்கு வரும் லைன்மேன் பையனுக்குத்தான் விஷயம் தெரிந்திருந்தது. "அக்கா, கேமராவை வெளியிலேர்ந்து பாக்குறவங்க நிறைய பேர் இதக் கேப்பாங்க, நான் ஆபீஸ்ல சொல்லிடுறேன்" என்றான். நான் ஒரு மாதமாகத் தொலைபேசியில் தொண்டை வற்றப் பேசியது அவனுக்கு ஒரு நிமிட வேலை. சில இடங்களில் காரணத்தைச் சொல்லிக் கேட்டால் மாறும் பப்ளிக் ஐபியைக் கட்டணமில்லாமலே தருகிறார்கள், முதலில் அதைக் கேளுங்கள். எனக்கு ஸ்டேட்டிக் மட்டுமே உண்டு என்றார்கள். வருடத்துக்கு 1,500, ஜிஎஸ்டியோடு 1,770. நான்கு நாளில் வந்தது. மோடத்தை ஒருமுறை அணைத்துப் போட்டதும் வான் பக்கத்தில் இருந்த முகவரியும் போனில் தெரிந்த முகவரியும் ஒன்றாகிவிட்டன. நான் அதைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன்.

அடுத்தது நடுவில் இருந்த மூன்றாம் வாசலை எடுப்பது. இரண்டு வழி உண்டு. மோடத்தைப் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றி, எல்லா வேலையையும் புது ரவுட்டரிடம் கொடுக்கலாம். அதற்கு நிறுவனத்தின் பிபிபிஓஇ பயனர் பெயர், கடவுச்சொல், பல இடங்களில் விலேன் எண் எல்லாம் கையில் வேண்டும். மோடத்தில் வீட்டுத் தொலைபேசி செருகியிருந்தால் அது நின்றுவிடுகிறதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னொரு வழி, புது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றி, வெறும் வைஃபை பெட்டியாக மட்டும் வைத்துக்கொள்வது. எனக்கு அந்தக் கடவுச்சொல்லைத் தர அலைக்கழித்தார்கள், அதனால் இரண்டாவது வழிக்குப் போனேன். சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு மோடத்தில் யுபிஎன்பியை (கருவிகள் தமக்கு வேண்டிய கதவைத் தாமே திறந்துகொள்ளும் வசதி) இயக்கி, கன்சோலை முழுக்க அணைத்துப் போட்டுச் சோதித்தேன். நேட் டைப் 2. ஏழு வாரத்துக்குப் பிறகு அந்த எண்ணைப் பார்த்தேன்.

இதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் மறுவாரம் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையைப் படித்து யாராவது ஆபத்தில் மாட்டுவார்கள். எங்கள் வீட்டில் நான்கு கேமராவும் அவற்றின் காட்சிகளைப் பதிவு செய்யும் ஒரு டிவிஆர் பெட்டியும் உண்டு. புதன்கிழமை காலை வாசல் கேமராவில் பூனை பால் பாக்கெட்டைக் கிழித்த காட்சியைத் தேடப் போனபோது, டிவிஆரின் பதிவேட்டில் தவறான லாகின் என்று வரிசையாக நூற்றுக்கணக்கில் வரிகள். ராத்திரி இரண்டு மணி, இரண்டரை, மூன்று. முன்பின் தெரியாத முகவரிகள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. டிஎம்இசட்டில் ஆத்திரத்தில் நான் போட்ட 192.168.1.7 நினைவுக்கு வந்தது. அதை எடுக்கவே இல்லை. முகவரியை நிரந்தரமாக்காததால், மோடம் அணைந்து எழுந்தபோது அந்த 7 டிவிஆருக்குப் போயிருந்தது. தெருவாசல் மூடியிருந்த வரை இந்தத் தவறு யாருக்கும் தெரியாமல் கிடந்தது. பப்ளிக் ஐபி வந்த நிமிடம் எங்கள் வீட்டுக் கேமராப் பெட்டி உலகத்துக்கே திறந்துவிட்டது. நல்லவேளை, கேமரா போட்டவர் வைத்துவிட்டுப் போன பழைய கடவுச்சொல்லை என் கணவர் முந்தைய வருடமே மாற்றியிருந்தார். பதிவேட்டில் ஒரு வரிகூட உள்ளே நுழைந்ததாக இல்லை. அதை உறுதி செய்துகொள்ளும் வரை அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

பப்ளிக் ஐபி வாங்குபவர்கள் அது வருவதற்கு முந்தைய நாளே சில வேலைகளை முடித்துவிடுங்கள். மோடத்தின் அட்மின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், அடியில் ஒட்டியிருப்பதையே வைத்திருக்காதீர்கள். வெளியிலிருந்து மோடத்தின் பக்கத்தைத் திறக்க அனுமதிக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். டிஎம்இசட் காலியாக இருக்கட்டும், கன்சோலுக்கு அது தேவையே இல்லை. கேமரா, டிவிஆர், ஸ்மார்ட் டிவி எல்லாவற்றின் கடவுச்சொல்லும் வீட்டில் வைத்ததாக இருக்கட்டும். யுபிஎன்பி விஷயத்தில் எனக்கு இரண்டு மனது இருந்தது. அது இருந்தால் கன்சோல் தனக்கு வேண்டிய கதவைத் தானே கேட்டுத் திறந்துகொள்ளும், நாம் எதுவும் செய்ய வேண்டாம். ஆனால் வீட்டில் இருக்கும் எந்தக் கருவியும் அப்படிக் கேட்கலாம். மோடத்தில் யுபிஎன்பி பட்டியலைத் திறந்து பார்த்தேன், கன்சோலுக்குக் கீழே டிவிஆரும் தனக்கென்று ஒரு கதவு வாங்கி வைத்திருந்தது. அன்றே யுபிஎன்பியை அணைத்தேன். கன்சோலுக்கு உள்முகவரியை நிரந்தரமாக்கி, மேலே சொன்ன போர்ட்டுகளை மட்டும் கையால் திறந்தேன். மறுபடி சோதித்தேன், 2 அப்படியே இருந்தது. கேமரா இல்லாத, கருவிகள் குறைந்த வீட்டுக்கு யுபிஎன்பி போதும் என்பேன். என் வீட்டுக்கு வேண்டாம்.

பிங் பற்றியும் கொஞ்சம். தம்பி ஆரம்பத்தில் பிங் 20-க்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டான். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நேர்க்கோட்டிலேயே மூவாயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, கடலடிக் கேபிள் வளைந்து போவதையும் சேர்த்தால் அதற்கும் மேல். போய்த் திரும்பவே 30 மில்லிநொடி ஆகிவிடும், மதுரையிலிருந்து சென்னை போவது தனி. எங்களுக்கு 58 வருகிறது, ஆட அது போதும். எந்த ரவுட்டர் பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தாலும் தூரத்தை அது குறைக்காது. நம் கையில் இருப்பது, அந்த 58 திடீரென்று 300 ஆகாமல் பார்த்துக்கொள்வது. எங்கள் வீட்டில் சரியாக எட்டு மணிக்கு அப்படி ஆனது. இரண்டு வாரம் கழித்துத்தான் பிடிபட்டது: அந்த நேரத்தில் அம்மா போனைச் சார்ஜில் போடுவார், அன்றைய படங்களும் வீடியோக்களும் பேக்கப்புக்கு ஏற ஆரம்பிக்கும். பதிவேற்றும் வழி நிரம்பினால் ஆட்டத்தின் சின்னச் சின்னச் செய்திகள் பின்னால் வரிசையில் நிற்கும். சில ரவுட்டர்களில் க்யூஓஎஸ் என்ற அமைப்பில் பதிவேற்ற வேகத்துக்கு வரம்பு வைத்து இதைத் தடுக்கலாம். நாங்கள் அம்மாவிடம் சனிக்கிழமை மட்டும் ஒன்பது மணிக்குச் சார்ஜ் போடச் சொன்னோம். "அவன் விளையாடணும்னா நான் பன்னெண்டு மணிக்குக்கூடப் போடுறேன்" என்றார். பிறகு மின்வெட்டு. எங்கள் இன்வெர்ட்டர் லைனில் மோடம் இல்லை. கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலும் மோடம் மறுபடி எழ மூன்று நிமிடம் ஆகும், அதற்குள் ஆட்டம் தோல்வி என்று பதிவாகிவிடும். 1,450 ரூபாய்க்கு மோடத்துக்கான மினி யுபிஎஸ் ஒன்று வாங்கினேன். வாங்கும் முன் மோடத்தின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, அதற்குப் பொருந்துவதையே வாங்க வேண்டும்.

மொத்தக் கணக்கு இது. வேகத்துக்குக் கட்டிய 2,124-உம் ரவுட்டருக்குக் கொடுத்த 8,499-உம் சேர்த்து 10,623 ரூபாய் தேவையே இல்லாத செலவு. ரவுட்டர் மாடியில் வைஃபை பெட்டியாக இருக்கிறது என்றாலும் அந்த வேலைக்கு அதில் கால் விலைக்கு ஒன்று போதும். உண்மையில் பயன்பட்டவை கேபிள், ஸ்டேட்டிக் ஐபி, மினி யுபிஎஸ் மூன்றும், 4,970 ரூபாய். இதில் கட்டாயமாக வேண்டியிருந்தது 1,770 மட்டும்தான்.

முதல் ஆட்டத்தில் நான் நான்குக்கு ஒன்று என்று தோற்றேன். அது எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. இடைவேளைக்குச் சற்று முன் தம்பி ஆட்டத்தை நிறுத்தச் சொன்னான். நான் இணைப்பு போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன். "அக்கா, கீழ குக்கர் நாலு விசில் அடிச்சிருச்சு, போய் அணைச்சிட்டு வா" என்றான். எனக்குக் கேட்காத விசில் சிங்கப்பூரில் அவனுக்குக் கேட்டிருக்கிறது. அம்மா கீழேயிருந்து சத்தமாக, "அவன் சாப்பிட்டானா கேளு" என்றார், அதுவும் அவனுக்குக் கேட்டது.

ஸ்டேட்டிக் ஐபிக்கு மறுபடி பணம் கட்ட வேண்டிய தேதி அடுத்த மார்ச். தவறினால் பழையபடி 100 என்று தொடங்கும் முகவரிக்கே மாற்றிவிடுவார்கள் என்று லைன்மேன் சொல்லியிருக்கிறான். அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே போனில் அலாரம் வைத்திருக்கிறேன்.